குவின்டர் விட்டுவிட்ட பத்தி

ஒடேரா செத்தது ஒரு திங்கட்கிழமை. அடக்கம் அடுத்த வாரச் சனிக்கிழமை என்று முடிவானது. இடையில் கிடந்த நாட்களில் அவன் பெண்டாட்டி ரிஸ்பா எதற்கெல்லாமோ பயந்தாள். பந்தல்காரன் சொன்னபடி வருவானா, மழை பிடித்துக்கொள்ளுமா, கிசுமுவிலிருந்து வரும் சவப்பெட்டி சரியான அளவில் இருக்குமா என்றெல்லாம் அடித்துக்கொண்டாள். மகள் குவின்டர் வாசித்துவிடுவாளா என்று மட்டும் அவள் ஒரு நொடிகூடப் பயப்படவில்லை.

அவர்கள் ஊரான யாலாவில் அடக்கம் என்றால் கூட்டத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தாக வேண்டும். அட்டையில் செத்தவரின் வண்ணப்படம். உள்ளே பிறந்தது, படித்தது, கட்டியது, பெற்றது எல்லாம் சேர்த்து வழவழத் தாளில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு, அதுவும் இங்கிலீஷில். இல்லாவிட்டால் ஊர் சிரிக்கும். வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று அதைச் சத்தமாக வாசிக்கும். மற்றவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொள்வார்கள்.

அந்தப் பக்கத்தில் அப்படி விசிறிக்கொள்ளப்பட்ட புத்தகங்களில் பாதிக்கு மேல் ஒடேரா அடித்தவைதான். பிணவறைக்குப் போகும் சாலையில் அவன் கடை. ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம், அழுதுகொண்டே வருபவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. குறிப்பை எழுதித் தருவதும் அவனேதான். அவன் கையில் குடிகாரன் ‘எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர்’ ஆகிவிடுவான். பெண்டாட்டியைப் போட்டு அடித்தவன் ‘கண்டிப்பான குடும்பத் தலைவர்’. ஒடேராவிடம் வந்துவிட்டால் செத்தவனெல்லாம் உத்தமன் என்று சந்தையில் ஒரு பேச்சே உண்டு.

ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த அவன் கடைசி நாட்களில் மடிக்கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தன் குறிப்பைத் தானே எழுத ஆரம்பித்தான். ரிஸ்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்கறப்பவே இத எழுதுவாங்களா, குவின்டர் அப்பா? அபசகுனம்."

"ஊர்ப் பொணத்துக்கெல்லாம் நான் எழுதினேன், நியார் சக்வா. எனக்கு எவனாச்சும் எழுதினா நான் பொறந்த வருஷத்தையே தப்பாப் போடுவான்." சக்வாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்பதால் புருஷன் முதல் ஊர்வரை எல்லோருக்கும் அவள் நியார் சக்வாதான். "இத யாரு வாசிக்கறதுன்னு மட்டும் நீ பாத்துக்க. வால்டர் வேண்டாம். என் தம்பிதான், ஆனா மைக்கக் கண்டா ஓட்டுக் கேக்க ஆரம்பிச்சிடுவான். என் புள்ள வாசிக்கணும். எட்டு மாசமா எனக்கு வாசிச்ச புள்ள. சத்தியம் பண்ணு, கையக் குடு."

அவள் கையைக் கொடுத்தாள். எலும்பாகிப்போன அந்தக் கைக்கு இருந்த பிடியைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

குவின்டருக்குப் பதினொரு வயது. வீட்டில் கதைப் புத்தகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கடையில் மீந்துபோன இழவுப் புத்தகங்கள்தான் அடுக்கடுக்காகக் கிடக்கும். அவள் சின்னவளாக இருந்தபோது ஒடேரா அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு பிழை திருத்துவான். வாய்விட்டுப் படிப்பான். செத்தவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போவாள். பிறகு வேலை பெருகியது. மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ள நேரமில்லை. அவளுக்கு ஏழு வயதானபோது ஒரு கைப்பேசி வாங்கி வந்தான். பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரு வாசிப்புச் செயலி அதில் இருந்தது. படம் வரும், எழுத்து வரும், ஒரு பெண்குரல் கதையைச் சொல்லும், சொல்லும் வார்த்தை மஞ்சளாக மின்னும். கதை முடிந்தால் ஒரு நட்சத்திரம் விழும்.

ரிஸ்பா சந்தையில் ஒமேனா மீன் விற்றுவிட்டு இருட்டும் நேரத்தில் வருவாள். முன்பெல்லாம் பிள்ளை காலைக் கட்டிக்கொள்ளும். அது வேண்டும் இது வேண்டும் என்று உயிரை எடுக்கும். கைப்பேசி வந்த பிறகு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ‘படிக்கிறாள், தொந்தரவு செய்யாதே’ என்று ரிஸ்பா தன் வாயையே அடக்கிக்கொண்டு உகாலிக் களி கிண்டினாள். அந்த அமைதி அவளுக்கு இதமாக இருந்தது. அதை அவளே பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்திலும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வகுப்பில் எழுபத்து மூன்று பிள்ளைகள், ஐந்து பேருக்கு ஒரு புத்தகம். டீச்சர் ஒரு வரி சொன்னால் எழுபத்து மூன்றும் கோரஸாகக் கத்தும். கத்துகிற வாய்களில் எது படிக்கிற வாய், எது சும்மா அசைகிற வாய் என்று கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. போன வருஷம் செயலியில் இருநூற்றுப் பன்னிரண்டு கதை முடித்ததற்காக குவின்டருக்கு ஒரு சான்றிதழ் வந்தது. ஒடேரா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினான். துக்கத்தோடு வந்தவர்கள்கூட அதைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

அவன் படுத்த பிறகு தினமும் சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். போனையே பேசவிடலாமே என்று குவின்டர் கேட்டதற்கு அவன், "அந்தப் பொம்பள எனக்கு யாரு? என் புள்ள குரல்ல கேக்கணும்" என்றான். அவள் வாசிப்பாள். கதை, பைபிளில் சங்கீதம், நீதிமொழிகள் என்று எதை வேண்டுமானாலும் போனைப் பார்த்துத் தெளிவாக வாசிப்பாள். வலியில் முனகிக்கொண்டிருப்பவன் அடங்கிக் கேட்பான்.

"கவனிச்சியா, நியார் சக்வா? ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு மூச்சு நிக்கறா பாரு. மொதல்ல மனசுல வாங்கிக்கறா, அப்புறந்தான் வாயத் தெறக்கறா. பெரிய பெரிய வக்கீலுங்ககூட இப்படி வாசிக்க மாட்டானுங்க."

அடக்கத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, புதன்கிழமை மத்தியானம், அச்சான புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ரிஸ்பா மேலிருந்த ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"எங்க, மொத பக்கத்த வாசி. ஒரு தடவ கேட்டுக்கறேன்."

குவின்டர் புத்தகத்தைத் திறந்தாள், பார்த்தாள். "இத போன்ல போடலையாம்மா?"

"எதுக்குப் போன்ல?"

"பேசற மாதிரி."

"அது ஏன் பேசணும்? நீதான வாசிக்கப் போற?"

"கண்ணு வலிக்குது."

"அழுத கண்ணு வலிக்கத்தான் செய்யும். ரெண்டு வரி வாசிடி."

அவள் வாசித்தாள். அப்பாவின் பெயர் வந்தது. அதற்குப் பிறகு பீன்ஸில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கினாள். ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். அடுத்ததைச் சேர்ப்பதற்குள் முந்தையது கைநழுவிப் போயிற்று. திரும்ப முதலிலிருந்து வந்தாள். நெற்றியில் வேர்த்தது.

"வெளையாடாத, குவின்டர்."

"வெளையாடலம்மா."

"அப்பாவுக்குத் தெனம் வாசிச்சியே, அது?"

பிள்ளை தலைத்துணியை விலக்கி இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "போன்ல வர்ற அந்த அக்கா காதுல சொல்லுவாங்க. நான் திருப்பிச் சொல்லுவேன்."

ரிஸ்பாவுக்கு அந்த மூச்சு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நின்ற மூச்சு. எட்டு மாதம் அவன் கண்ணை மூடிக்கொண்டு ரசித்த மூச்சு. அடிக்க ஓங்கிய கை தன் தொடையில்தான் விழுந்தது. யாரை அடிப்பது? பிள்ளையின் காதிலிருந்து போனுக்கு இறங்கிய ஒயரை அவளும்தான் பார்த்திருந்தாள். பாட்டுக் கேட்கிறாள் போல என்று நினைத்து மீன் கூடையைக் கழுவப் போயிருந்தாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறது, வளர்த்தவர்கள் இரண்டு பேரும் கூடவே இருந்திருக்கிறார்கள்.

"ஏண்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." குவின்டர் புத்தகத்தின் ஓரத்தைச் சுருட்டினாள். "நான் வாசிக்கறப்ப மட்டுந்தான் அப்பா சிரிச்சாரு."

ரிஸ்பா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, செத்த அன்று அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள். பக்கத்து வீட்டார் துக்கம் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவளே வாசித்துக் காட்டலாம் என்றால் அவள் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. தங்கள் லுவோ மொழிப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இங்கிலீஷ் சந்தையில் காது வழியாக வந்ததுதான், கண் வழியாக வரவில்லை. போனில் பக்கத்தைப் படம் பிடித்தால் அந்த அக்கா வாசிப்பாள் என்று குவின்டர் செய்து காட்டினாள். வாசித்தாள்தான். ஆனால் தாத்தன் பேர், ஊர் பேர், குலத்தின் பேர் எல்லாவற்றையும் கொலை செய்தாள். பந்தலில் அப்படிச் சொன்னால் சவப்பெட்டிக்குள் ஒடேராவே எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

உண்மையைச் சொல்லி வேறு ஆளை வாசிக்கவைத்திருக்கலாம். ஆனால் கையைக் கொடுத்திருந்தாள். கண்ணாடி போட்ட அந்தச் சான்றிதழைப் பார்த்த ஊர் அத்தனையும் வரப்போகிறது. அப்பனைப் புதைக்கும் நாளில் பிள்ளையின் மானத்தையும் சேர்த்துப் புதைப்பதா? தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

வியாழக்கிழமை நைரோபியிலிருந்து வால்டர் வந்து இறங்கினான்.

"வால்டர் தம்பி, இத ஒரு தடவ நீங்க போன்ல வாசிச்சுப் பதிஞ்சு குடுங்க."

"எதுக்கு அண்ணி? அவளுக்குத் தெரியாத இங்கிலீஷா? இருநூறு புத்தகம் முழுங்கின புள்ள."

"பேருங்க தப்பில்லாம வரணும்ல. கேட்டுக் கேட்டுப் பழகிக்குவா."

அவன் முற்றத்தில் நடந்துகொண்டே வாசித்தான். ரிஸ்பா வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாலாம் பக்கத்தில் இருக்கும்போது பந்தல்காரன் வாசலில் வந்து நின்றான். வால்டர் பதிவை நிறுத்திவிட்டுப் போய், "மூணு பந்தல்னு சொல்லிட்டு ரெண்டு கொண்டாந்தா மூணாவது கூட்டம் உன் தலமேலயாடா ஒக்காரும்?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு வந்தான். புத்தகத்தைத் தேடி எடுத்தான். "எங்க விட்டேன்? ஆங்..." என்று மீதியைப் படித்து முடித்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்க குவின்டர் வாழைத்தோப்புக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வார்த்தையை எழுத்துக் கூட்டிப் பார்த்து, எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று ரிஸ்பா குறித்துக் கொடுத்தாள். பொய்க்கு ஒத்திகை பார்க்கும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மழை வரவில்லை. மூன்று பந்தலும் நிறைந்து கூட்டம் மாமரத்தடி வரை நின்றது. ஒலிவாங்கியைப் பிடித்து நிகழ்ச்சியை நடத்திய ஒகுட்டு, இழவிலும் சிரிக்கவைக்கக் கூடியவர், நாலு பேச்சாளரை மட்டம் தட்டி உட்காரவைத்துவிட்டு குவின்டரைக் கூப்பிட்டார். வெள்ளை உடுப்பு. காதை மறைத்துக் கட்டிய வெள்ளைத் தலைத்துணி. ஒயர் உடுப்புக்குள் இறங்கி இடுப்புப் பையில் போய் முடிந்தது. அவள் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு மூச்சு நின்றாள். வாசித்தாள்.

எப்படி வாசித்தாள்! ஒரு பேர் தப்பவில்லை. சித்தப்பனின் மிடுக்கு அப்படியே அவள் குரலில் வந்து உட்கார்ந்தது. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பெண்கள் புத்தகத்தைத் திறந்து அவள்கூடவே வரி வரியாகப் பார்த்தார்கள். நாலாம் பக்கத்தில் ஒரு இடத்தில் கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. தாள்கள் புரண்டன. முன்வரிசையில் யாரோ ஒருத்தி விம்மினாள், அது பின்வரிசைவரை பரவியது. இழவில் அழாமல் என்ன செய்வார்கள் என்று ரிஸ்பா நினைத்தாள். அவள் கவனமெல்லாம் தலைத்துணியின் முடிச்சில் இருந்தது.

முடிந்ததும் இழவு வீடு என்றும் பாராமல் கைதட்டினார்கள். ஒகுட்டு ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"பாத்தீங்களா? இதுதான் வளர்ப்பு! புள்ள அழுதா போனத் தூக்கிக் குடுக்கறீங்களே, தாய்மாருங்களே, புத்தகத்தக் குடுங்க! ஒடேரா குடுத்தான், இங்க நிக்குது பாருங்க பலன்! நியார் சக்வா, எழுந்து நில்லும்மா, ஊரு உன்னப் பாக்கட்டும்!"

ரிஸ்பா எழுந்து நின்றாள். ஊர் பார்த்தது. பூமி பிளந்து தன்னையும் அந்தக் குழிக்குள்ளேயே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை வால்டர் பஸ் ஏறினான். பந்தல்கள் பிரிந்து போயின. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு பமேலா ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தாள். குவின்டரைப் பிடித்து அணைத்துக்கொண்டாள்.

"மவராசி, என்ன வாசிப்பு! ஆனா அந்த ஒரு எடத்த மட்டும் விட்டுட்டியே தாயி."

ரிஸ்பாவின் கையில் இருந்த கிழங்கு கூடைக்கே திரும்பிப் போயிற்று. "எந்த எடம்?"

"உனக்குத் தெரியாதா? அவர் புள்ளையப் பத்தி எழுதின எடந்தான். அந்த ஒரு பத்தி முழுக்க. நாங்கல்லாம் புத்தகத்துல பாத்துக்கிட்டே வரோம், இவ அதத் தாண்டிப் போயிட்டா. எங்களுக்குத் தாங்கல. பாவம், எப்படி வாய்விட்டுச் சொல்லுவா, முழுங்கிட்டா பாருன்னு என் பக்கத்துல இருந்தவ அழுதே போட்டா." பமேலா தோள்துணியால் மூக்கைத் துடைத்தாள். "பரவால்ல தாயி. அது உனக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருக்கறது. தனியா ஒக்காந்து படிச்சுக்க."

அவள் போன பிறகு ரிஸ்பா ஒரு புத்தகத்தை எடுத்து நாலாம் பக்கத்தைத் திறந்தாள். வால்டர் பந்தல்காரனைத் திட்டிவிட்டு வந்து ‘எங்க விட்டேன்’ என்று கேட்டது இப்போதுதான் ரிஸ்பாவுக்குக் காதில் விழுந்தது. எத்தனையோ பேருக்கு எழுதியவன் தன் பிள்ளைக்கென்று ஒரு பத்தி எழுதிவைத்திருக்கிறான். ஊர் முழுக்க அதைப் படித்து அழுதுவிட்டது. அதில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் இந்த இரண்டு பேர்தான். யாரிடம் போய்க் கேட்பது? ‘உன் கண்ணெதிரில் வாசித்தாளே, இவளுக்கு வாசிக்கத் தெரியாது’ என்று எந்த வாயால் சொல்வது?

"போன எடு," என்றாள் ரிஸ்பா. "படம் புடி. அந்தப் பொம்பள சொல்லட்டும்."

குவின்டர் போனை எடுத்தாள். பக்கத்துக்கு நேராகப் பிடித்தாள். பிறகு கவிழ்த்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"வேண்டாம்மா. அவங்க வாசிக்க வேண்டாம்."

"சித்தப்பாவுக்குப் பேசட்டுமா?"

"வேண்டாம்."

இருவரும் வாசல் வெளிச்சத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். ரிஸ்பா முயன்று பார்த்தாள். பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் அதே எழுத்துகள்தான். சத்தமும் ஒருமாதிரி வந்தது. பொருள் வரவில்லை. ஆறு வரி. தன் புருஷன் கைப்பட அடித்த ஆறு வரி சுவர் மாதிரி நின்றது. அவன் மீது ஆத்திரம் வந்தது. இதை நம் மொழியில் எழுதியிருந்தால் என்ன, மனுஷா? செத்த பிறகும் யாருக்கு உன் இங்கிலீஷைக் காட்டுகிறாய்?

குவின்டர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இங்க என் பேரு இருக்கு."

"எங்க?"

"இங்க." நகம் இரண்டாம் வரியில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. "இங்கயும் இருக்கு. இதோ இன்னொண்ணு." கடைசி வரியின் முனைக்கு வந்தாள். "இங்க முடிக்கறப்பவும்."

அவள் மறுபடியும் மேலிருந்து எண்ணிப் பார்த்தாள். நாலுதான்.

"அப்பா என்னைய நாலு தடவ கூப்பிட்டிருக்காரு," என்றாள். "எதுக்குக் கூப்பிட்டாருன்னு எனக்குத் தெரியலயேம்மா."

ரிஸ்பா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியவில்லை.